வண்டி கிளம்பாத அதிகாலை

கேத்தி பள்ளத்தாக்கில் தோண்டிய கேரட்டைக் கழுவி, மூட்டை கட்டி, விடிவதற்குள் மேட்டுப்பாளையம் மண்டியில் இறக்கியாக வேண்டும். தாமதமானால் விலை அடிபடும். அந்த அவசரத்தில்தான் பழைய டீசல் வண்டி மக்கர் செய்யும். டிசம்பர், ஜனவரி உறைபனிக் காலத்தில் நீலகிரித் தோட்டங்களில் இது புதிதல்ல. வண்டி நின்றுபோனால் இழப்பது ஒரு நாள் வாடகையும் கொஞ்சம் காய்கறி விலையும்தான். அதை எப்படியாவது கிளப்பிவிட வேண்டும் என்று இறங்கும் குறுக்கு வழிகளில்தான் கை போகிறது, கண் போகிறது, உயிரும் போகிறது.

பனியில் டீசல் வண்டி அடம்பிடிக்கக் காரணம் உண்டு. பெட்ரோல் இன்ஜினில் இருப்பது போல இதில் தீப்பொறி கிடையாது. காற்றை இறுக்கி அமுக்கும்போது 500 டிகிரிக்கு மேல் ஏறும் சூட்டில்தான் டீசல் தானாகப் பற்றுகிறது. குளிர்ந்த இரும்பு அந்தச் சூட்டை உறிஞ்சிவிடும். ரிங் தேய்ந்த பழைய இன்ஜினில் அமுக்கமும் கசியும். குளிரில் பேட்டரியின் பலமும் குறையும், ஆயில் கெட்டியாகிச் சுற்றும் பளுவும் கூடும். இத்தனையும் ஒரே அதிகாலையில் சேர்ந்து வருகின்றன.

சாவியைத் திருப்பியதும் என்ன கேட்கிறது, சைலன்சரில் என்ன தெரிகிறது என்று கவனியுங்கள். பாதி நோய் அங்கேயே தெரிந்துவிடும். 'டக்' என்ற ஒரே சத்தத்தோடு நின்றாலோ, செல்ஃப் மோட்டார் இழுத்து இழுத்துச் சுற்றினாலோ, இன்ஜினைக் குறை சொல்லாதீர்கள். பேட்டரி டெர்மினலில் வெள்ளைப் பூஞ்சாளம் பிடித்திருக்கும், அல்லது இன்ஜினிலிருந்து சேசிஸுக்குப் போகும் எர்த் ஒயர் தளர்ந்திருக்கும். வெந்நீர் ஊற்றிக் கழுவி, சுரண்டி, இறுக்கினாலே பல வண்டிகள் கிளம்பிவிடும். நன்றாக சார்ஜ் ஏறிய 12 வோல்ட் பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் அளவில் காட்டும். 12-க்குக் கீழே போனால் அதில் சார்ஜ் ஏறக்குறையத் தீர்ந்துவிட்டது.

நன்றாகச் சுற்றியும் சைலன்சரில் புகையே இல்லையென்றால் டீசல் உள்ளே போகவில்லை. முதலில் ஸ்டாப் கேபிள் இழுத்தபடியே மாட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். இதைப் பார்க்காமல் பம்பையே கழற்றியவர்கள் உண்டு. அடுத்தது ஃபில்டர். அடியில் உள்ள திருகைத் தளர்த்தி, தண்ணீர் தேங்கியிருந்தால் வடித்துவிடுங்கள். பிறகு ஏர் எடுக்க வேண்டும்: ஃபில்டர் மேலுள்ள பிளீடிங் திருகைக் கொஞ்சம் தளர்த்தி, கைப் பம்பை அடித்துக்கொண்டே இருந்தால் நுரையாக வரும் டீசல் குமிழியில்லாமல் வரும். அப்போது இறுக்குங்கள். சுற்றும்போது வெள்ளைப் புகை கொட்டினால் டீசல் போகிறது, பற்றவில்லை என்று பொருள். ஹீட்டர் பிளக் உள்ள வண்டியானால் அதைச் சோதியுங்கள். வெயில் ஏறிய பிறகும் அதே கதை என்றால் அமுக்கமோ பம்ப் டைமிங்கோ போயிருக்கிறது. அது பட்டறை வேலை. செல்ஃபை ஒரு தடவைக்குப் பத்து விநாடிக்கு மேல் பிடிக்காதீர்கள். அரை நிமிடமாவது ஆறவிட்டு மறுபடி அடியுங்கள்.

இதற்கெல்லாம் வண்டி பணியாதபோதுதான் ஆபத்து தொடங்குகிறது.

ஸ்க்ரூடிரைவரை செல்ஃப் மோட்டாரின் இரண்டு போல்ட்டிலும் வைத்து நேரடியாக ஷார்ட் செய்யும் பழக்கம் டிராக்டரிலும் வண்டியிலும் உண்டு. கியரில் நிற்கும் வண்டி அந்த நொடியே பாய்ந்துவிடும். ஷார்ட் செய்தவர் நிற்பதோ சக்கரத்தின் பக்கத்தில், சில சமயம் வண்டிக்கு அடியில். கைப் பிரேக்கை நம்பாமல் நான்கு சக்கரத்துக்கும் கட்டை கொடுத்து, கியரை நியூட்ரலில் பார்த்த பிறகே யாரும் வண்டிக்கு அடியில் கை நீட்ட வேண்டும்.

மலையில் இன்னொரு வழக்கம், சரிவில் உருட்டி ஸ்டார்ட் செய்வது. இன்ஜின் ஓடாதபோது பிரேக் பூஸ்டருக்கு வேலை இல்லை. இரண்டு மூன்று மிதிக்கு மேல் பெடல் கல்லாகிவிடும். மூட்டை ஏற்றிய வண்டியை அந்த நிலையில் கொண்டை ஊசி வளைவுப் பாதையில் உருட்டுவது பிரேக் இல்லாத வண்டியை ஓட்டுவதற்குச் சமம். சுமையை இறக்காமல், சமதளம் இல்லாமல் அதைச் செய்யவே கூடாது.

ஏர் ஃபில்டரைக் கழற்றி உள்ளே பெட்ரோல் தெளிப்பது இன்னும் மோசம். சூடான ஹீட்டர் பிளக்கில் பட்டால் ஃபில்டர் கழற்றிய வாய் வழியே தீ திரும்பி வரும். ஈதர் கலந்த ஸ்டார்டிங் ஸ்பிரேவும் ஹீட்டர் பிளக் உள்ள வண்டிக்கு ஆகாது. முகம் வெந்தவர்களைக் கேட்டால் தெரியும்.

டேங்கில் டியூப் விட்டு வாயால் டீசல் உறிஞ்சும் கிளீனர் பையன்களைப் பார்க்கும்போதெல்லாம் மனம் பதறுகிறது. கொஞ்சம் டீசல் மூச்சுக்குழலில் இறங்கினாலும் நுரையீரல் வெந்து, சில மணி நேரத்தில் மூச்சுத் திணறும். விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வாந்தியோடு அது நுரையீரலுக்குள் போகும். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். கைப் பம்பு விலை அந்த ஆஸ்பத்திரிச் செலவில் ஒரு துளிகூட வராது.

நாசிலைக் கழற்றி வெளியே பிடித்து, தெளிக்கிறதா என்று விரல் வைத்துப் பார்க்கக் கூடாது. பழைய நாசிலே 200 பார் அளவு அழுத்தத்தில் பாயும். புதிய காமன் ரெயில் வண்டிகளில் ஆயிரத்துக்கும் மேல். டீசல் தோலைத் துளைத்துச் சதைக்குள் இறங்கிவிடும். வெளியே ஊசி குத்திய புள்ளிதான் தெரியும், வலிகூட முதலில் இருக்காது. அதை அறுவை சிகிச்சைக்குரிய அவசரமாக எடுத்துக்கொள்ளாவிட்டால் விரலையே எடுக்க நேரிடும். காமன் ரெயில் வண்டியின் குழாய்களைத் தோட்டத்தில் வைத்து அவிழ்க்காதீர்கள்.

பக்கத்து லாரியிலிருந்து கரண்ட் எடுக்கும்போது அது 24 வோல்ட்டா, 12 வோல்ட்டா என்று கேட்டுவிட்டு இணையுங்கள். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும். ஒரு பொறி போதும், வெடித்து ஆசிட் முகத்தில் அடிக்கும். அதனால் மைனஸ் கேபிளைக் கடைசியில், பேட்டரியில் மாட்டாமல் தள்ளி இன்ஜின் இரும்பில் மாட்டுங்கள். கண்ணில் ஆசிட் பட்டால் கால் மணி நேரமாவது தண்ணீரை ஓடவிட்டுக் கழுவியபடியே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

இனி பணமும் உரிமையும். நேற்று டீசல் போட்டு இன்று ஃபில்டரில் தண்ணீர் வந்தால், முதலில் தோட்டத்து பேரலைச் சந்தேகப்படுங்கள். மூடி சரியில்லாத பேரலில் மழைநீரும் பனி ஈரமும் சேரும். அது இல்லையென்றால் பெட்ரோல் பங்குக்குப் போய் அடர்த்தியை அளந்து காட்டச் சொல்லலாம். பங்கின் பதிவேட்டில் உள்ள அளவிலிருந்து 3 புள்ளிக்கு மேல் வேறுபட்டால் சந்தேகத்துக்கு இடமுண்டு. முத்திரையிட்ட 5 லிட்டர் அளவையில் பிடித்துக் காட்டவும் கேட்கலாம். 25 மில்லிக்கு மேல் குறையக் கூடாது. பில்லையும், சுத்தமான பாட்டிலில் அந்த டீசலையும் எடுத்து வையுங்கள்.

பட்டறையில் வேலையைச் சொல்லும்போதே பழைய பாகங்களைத் திருப்பித் தரச் சொல்லுங்கள், பில் கேளுங்கள். பில் தர மறுப்பதை 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நியாயமற்ற வணிக நடைமுறை என்கிறது. 'லோடு வண்டி வணிக வாகனம், உனக்கு அந்தச் சட்டம் பொருந்தாது' என்று சிலர் மிரட்டுவார்கள். சுயதொழிலாகச் செய்து பிழைப்புக்காகவே தாமே பயன்படுத்துபவரை அதே சட்டம் நுகர்வோராகவே ஏற்கிறது. அதனால் தன் விளைச்சலைத் தானே ஏற்றிப்போகும் சிறு விவசாயி தயங்க வேண்டாம். 'பதினைந்து வருடம் ஆயிற்று, உடைக்கத்தான் வேண்டும்' என்பதையும் நம்பிவிடாதீர்கள். வயதை மட்டும் காட்டித் தனியார் வண்டியை உடைக்கச் சொல்லும் விதி தமிழ்நாட்டில் இல்லை, எஃப்.சி. எனும் தகுதிச் சான்று இருக்க வேண்டும், அவ்வளவே. எட்டு வருடம் தாண்டிய சரக்கு வண்டிக்கு அதை ஆண்டுதோறும் எடுக்க வேண்டும்.

மெக்கானிக் பக்கமும் நியாயம் உண்டு. செய்த வேலைக்கான கூலி தரும்வரை வண்டியைப் பிடித்து வைக்க 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 170-ஆம் பிரிவு அவருக்கு உரிமை தருகிறது. போன வருடத்துப் பாக்கிக்காக இன்று வண்டியை நிறுத்தி வைக்கும் உரிமையை அந்தப் பிரிவு தரவில்லை. சொன்னதற்கு மேல் தொகை கேட்டு, மூட்டையும் அழுகிக்கொண்டிருந்தால், பில்லில் 'ஆட்சேபணையுடன் செலுத்துகிறேன்' என்று எழுதிக் கொடுத்து வண்டியை எடுத்துவிடுங்கள். பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். அதில் தீராவிட்டால் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே, நீலகிரிக்காரர்கள் ஊட்டியிலேயே, நுகர்வோர் ஆணையத்தில் புகார் தரலாம். வக்கீல் கட்டாயமில்லை. கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமும் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் போக வேண்டும். பில்லும், மாற்றிய பழைய பாகமும், வண்டியை விட்ட தேதியும் எடுத்த தேதியும் குறித்த ஒரு தாளும் கையில் இருக்கட்டும்.