வானொலி முகப்பின் எழுத்துகள்

தாத்தா காலத்து வால்வு வானொலிப் பெட்டியை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? முன்புறம் நீண்ட கண்ணாடி இருக்கும். அதில் எண்களும் ஊர்ப் பெயர்களும் அச்சிடப்பட்டிருக்கும். குமிழைத் திருகினால் ஒரு முள் நகரும். திருச்சி வானொலி நிலையம் 1939-ஆம் ஆண்டு மே 16-ஆம் நாள் தொடங்கியது. அப்போது தனிச் சமஸ்தானமாக இருந்த புதுக்கோட்டைக்கு மிக அருகிலிருந்த நிலையம் அதுதான்.

அத்தகைய பெட்டியை இன்று பழுதுபார்க்க முடியும். பழைய வால்வுகளைத் தேடிப் பிடிக்கலாம். கெட்டுப்போன மின்தேக்கிகளை மாற்றலாம். ஆனால் கண்ணாடியில் இருந்த எழுத்துகள் உதிர்ந்து போயிருந்தால் என்ன செய்வது? பெயர்ப்பலகை எழுதுபவரிடம் கொடுத்து, சம இடைவெளியில் எண்களை எழுதி வாங்கினால் போதாதா?

போதாது. ஏன் தெரியுமா?

குமிழைத் திருகும்போது, உள்ளே ஒரு மாறு மின்தேக்கியின் தகடுகள் ஒன்றின் இடையே ஒன்று நுழைகின்றன. இதை மெக்கானிக்குகள் 'கேங் கண்டன்சர்' என்பார்கள். தகடுகள் நுழைய நுழைய மின்தேக்குத் திறன் கூடும். பெட்டி ஏற்கும் அலையின் அதிர்வெண் குறையும். ஆனால் இரண்டும் ஒரே வீதத்தில் மாறுவதில்லை. மின்தேக்குத் திறன் 9 மடங்கானால், அதிர்வெண் மூன்றில் ஒரு பங்காகத்தான் குறையும். வர்க்கமூலம் படித்திருக்கிறீர்கள் அல்லவா? அதுதான் இங்கே வேலை செய்கிறது.

ஓர் எடுத்துக்காட்டு. தகடுகள் முழுவதும் வெளியே இருக்கையில் 50 பிக்கோஃபாரடு, அதிர்வெண் 1600 கிலோசைக்கிள் என்று கொள்வோம். முழுவதும் உள்ளே போனால் 450 பிக்கோஃபாரடு. அதிர்வெண் சுமார் 533. தகடுகள் அரைவட்ட வடிவமாக இருந்தால், சரிபாதித் திருப்பில் 250 பிக்கோஃபாரடு இருக்கும். அப்போது அதிர்வெண் ஏறத்தாழ 716தான். அதாவது, முகப்பின் ஒரு பாதியில் 884 கிலோசைக்கிள்கள் நெருக்கியடித்து நிற்கும். மறுபாதியில் 183 மட்டுமே! இந்த நெரிசலைக் குறைக்கத்தான் தகடுகளை வேறு வேறு வடிவங்களில் வெட்டினார்கள். தகடு மாறினால் எண்களின் இடமும் மாறும். ஆகவே முகப்பு வெறும் அலங்காரம் அன்று. உள்ளே இருக்கும் மின்தேக்கிக்கு ஏற்ற அளவுகோல்.

சரி, அழிந்ததை எப்படி மீட்பது? முதலில் துடைக்கக் கூடாது. எழுத்துகள் பெரும்பாலும் கண்ணாடியின் பின்புறத்தில் இருக்கும். பல ஆண்டு வெப்பத்தில் அவற்றின் பிடி தளர்ந்திருக்கும். ஸ்பிரிட் நனைத்த துணி பட்டால் மிச்சமும் போய்விடும். ஓர் அளவுகோலை அருகே வைத்து, நேர் எதிரே நின்று படம் எடுக்க வேண்டும். விடுபட்ட எழுத்துகளை அதே மாடல் பெட்டியிலிருந்து பார்த்துக்கொள்ளலாம். அதுவும் கிடைக்காவிட்டால், பெட்டியின் சுருள்களைச் சரிசெய்தபின் சிக்னல் ஜெனரேட்டரால் தெரிந்த அதிர்வெண்களை ஒவ்வொன்றாகக் கொடுத்து, முள் நிற்கும் இடங்களைக் குறிக்க வேண்டும். பிறகு சரியான அளவில் வரைந்து, இடவலம் மாற்றிக் கண்ணாடியின் பின்புறம் திரை அச்சு முறையில் பதிக்கலாம்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. 1978 நவம்பர் 23 அன்று, ஒரு பன்னாட்டு உடன்படிக்கையின்படி இந்தியாவின் மத்திய அலை நிலையங்கள் 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளிக்கு மாறின. அதன்பின் திருச்சி 936 கிலோஹெர்ட்ஸில் ஒலிபரப்பியது. அதற்கு முந்திய பெட்டியில் திருச்சியைப் புதிய இடத்தில் எழுதலாமா? கிலோசைக்கிளைக் கிலோஹெர்ட்ஸ் என்றும், சிலோனை இலங்கை என்றும் திருத்தலாமா? கூடாது. அப்படிச் செய்தால் அந்தப் பெட்டி தன் காலத்தைப் பற்றிப் பொய் சொல்லும்.

புதுக்கோட்டை மாவட்டத்துக் குடுமியான்மலையில், பல்லவர் காலத்தது எனக் கருதப்படும் இசைக் கல்வெட்டு இருக்கிறது. அதில் சில சுர எழுத்துகளின் மேல் புள்ளிகள் உள்ளன. அவற்றின் பொருள் பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. படியெடுத்தவர்கள் அவற்றைக் கல்லின் கீறல் என்று விட்டிருந்தால், அந்த ஆராய்ச்சிக்கே இடமிருந்திராது. வானொலி முகப்புக்கும் இதே விதிதான்: கண்டதைக் கண்டபடி எழுது, புதிதாகச் சேர்த்தது எது என்பதைப் பெட்டியின் உள்ளே ஆண்டுடன் குறித்து வை.

ஓர் எச்சரிக்கை: வால்வு பெட்டியை நீங்களே திறக்காதீர்கள். மின் இணைப்பை நீக்கிய பிறகும் மின்தேக்கிகளில் ஆபத்தான மின்னழுத்தம் தங்கியிருக்கும். முகப்பை மட்டும் பாருங்கள். எண்கள் எந்தப் பக்கம் நெருங்கி நிற்கின்றன? உள்ளே தகடுகள் எப்படித் திரும்புகின்றன என்பதை அதிலிருந்தே ஊகிக்கலாம்.