கள்ளி நாற்றுகளை அழுகலிலிருந்து காத்தல்

விதையிலிருந்து புதிதாக முளைத்த கள்ளி, வளர்ந்த கள்ளியைப் போல வறட்சியைத் தாங்கும் தாவரம் அன்று. குண்டூசித் தலையளவே உள்ள அந்தப் பசிய உருண்டையில் தண்ணீரைச் சேர்த்துவைக்கும் சதைப்பற்று உண்டே தவிர, அதைக் காக்கும் தடித்த தோலும் மெழுகுப் பூச்சும் இன்னும் உருவாகியிருப்பதில்லை. ஆகவே முதல் சில வாரங்களுக்கு மண்ணும் காற்றும் இடைவிடாது ஈரமாக இருந்தாக வேண்டும். அதே ஈரத்தில்தான் நாற்றழுகல் நோயை உண்டாக்கும் நுண்ணுயிர்களும் பெருகுகின்றன. பாலைவனத் தாவரம்தானே என்று தண்ணீரைக் குறைப்பவர் நாற்றுகளைக் காயவிட்டு இழக்கிறார்; ஈரத்தைக் காத்து மண்ணின் தூய்மையைக் கவனியாதவர் அழுகவிட்டு இழக்கிறார். விதை மண்ணில் விழுவதற்கு முன்பே, அந்த ஈரத்தில் வளரக்கூடிய நோயுயிர்களை நீக்கிவிடுவதே இதற்கு நம்பத்தகுந்த வழி.

தக்காளி, மிளகாய் நாற்றங்கால்களிலும் இந்நோய் வருவதுண்டு. ஆனால் அந்நாற்றுகளின் தண்டு சில வாரங்களில் முற்றிவிடுவதால் ஆபத்துக் காலம் விரைவில் கடந்துவிடுகிறது. கள்ளியின் வளர்ச்சியோ மிக மெதுவானது. சொனோரன் பாலைவனத்தின் சகுவாரோ கள்ளி, முதல் 8 ஆண்டுகளில் 1 முதல் 1½ அங்குலமே வளர்கிறது என்பதிலிருந்து, மென்மையான பருவம் எவ்வளவு நீள்கிறது என்பதை உணரலாம். நோய் கண்ட நாற்று முதலில் நிறம் வெளுத்து, மண்ணைத் தொடும் இடத்தில் நீர்கோத்துப் பழுப்பாகி, ஓரிரு நாளில் சாய்ந்துவிடுகிறது. அங்கிருந்து அழுகல் வட்டமாகப் பரவித் தொட்டி முழுவதையும் அழிக்கக்கூடும்.

இந்நோய்க்குக் காரணமானவை ஒரே இனத்தைச் சேர்ந்தவை அல்ல என்பதைப் புரிந்துகொள்வது மிக முக்கியமானது. ரைசோக்டோனியா, பியூசேரியம், கள்ளிகளையே சிறப்பாகத் தாக்கும் பைபோலாரிஸ் கேக்டிவோரா ஆகியவை உண்மையான பூஞ்சைகள். பித்தியம், பைட்டாப்தோரா ஆகியவையோ தோற்றத்தில் பூஞ்சையை ஒத்திருந்தாலும், பழுப்புப் பாசிகளுக்கு நெருங்கிய உறவுடைய நீர்ப்பூசணங்கள். அவற்றின் செல்சுவர், பூஞ்சைகளுக்கு உரிய கைட்டினுக்கு மாறாகப் பெரிதும் செல்லுலோஸ் போன்ற பொருள்களால் ஆனது. அவை வெளியிடும் இயங்குவித்துகள், அதாவது வால் போன்ற இழைகளால் நீந்திச் செல்லும் இனப்பெருக்கச் செல்கள், மண்துகள்களுக்கிடையே உள்ள மெல்லிய நீர்ப்படலத்தின் வழியே அடுத்த வேரைச் சென்றடைகின்றன. உரக்கடைகளில் எளிதில் கிடைக்கும் கார்பென்டாசிம் இந்த நீர்ப்பூசணங்களைக் கட்டுப்படுத்துவதில்லை. அவற்றை அடக்கும் மெட்டலாக்சிலோ ரைசோக்டோனியாவைக் கட்டுப்படுத்துவதில்லை. நோயுயிர் இன்னதென்று அறியாமல் மருந்தூற்றிவிட்டு, மருந்து பலிக்கவில்லை என்று வருந்துவோர் பலருக்கும் நேர்வது இதுவே. மருந்தை முதல் நம்பிக்கையாகக் கொள்ளலாகாது.

முதல் நம்பிக்கை வெப்பத்தின் மீதே வைக்கத் தக்கது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் தாவர நோயியலாளர் கென்னத் பேக்கர் 1957-இல் பதிப்பித்த நாற்றங்கால் கையேடு, நோயற்ற மண்ணும் நோயற்ற விதையும் தூய்மையான கையாளுகையும் ஒருங்கே அமைந்தால்தான் நாற்றுகள் பிழைக்கும் என்பதை விரிவாக விளக்கியது. ஈரமான மண்கலவையின் நடுப்பகுதி 60 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் 30 நிமிடம் இருந்தால், நாற்றழுகலை உண்டாக்கும் உயிர்களில் பெரும்பாலானவை மடிந்துவிடும். கலவை ஈரமாக இருப்பது இன்றியமையாதது. ஏனெனில் உலர்ந்த மண்ணில் உறங்கும் வித்துகள் வெப்பத்தை அதிகம் தாங்கும். வெப்பம் மிகையானாலோ, மக்கு நிறைந்த மண்ணில் மாங்கனீசும் அம்மோனியாவும் வேருக்கு ஊறு செய்யும் அளவுக்கு வெளிப்படக்கூடும். மேலும் நன்மை தரும் உயிர்களும் ஒழிந்துபோவதால், பின்னர் நுழையும் ஒரு நோயுயிர் போட்டியே இன்றிப் பரவும். ஆகையால் பிரஷர் குக்கரில் வேகவைத்து மண்ணை முற்றிலும் கிருமியற்றதாக்கும் முறை, மூடிய கலத்தில் விதைப்போருக்கே பொருந்தும். எம்முறையானாலும் கழுவிய ஆற்றுமணல், சலித்த செங்கல் நொறுக்கு, பெர்லைட் போன்ற கனிமப் பொருள்கள் மிகுந்தும் மக்கு குறைந்தும் உள்ள கலவையே ஏற்றது. மக்காத இலைதழையே நோயுயிர்களுக்கு முதல் உணவாகிறது.

விதையில் ஒட்டியிருக்கும் பழச்சதையும் அத்தகைய உணவே. அதன் சர்க்கரையில் பூஞ்சை முதலில் வேரூன்றுவதால், விதைகளை வடிகட்டியில் தேய்த்துக் கழுவி உலர்த்திய பிறகு, 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு கரைசலில் சில நிமிடம் நனைத்து எடுப்பது நல்லது. இவ்வளவு அக்கறை தேவைதானா என்று தோன்றலாம். 1,478 கள்ளி இனங்களை ஆராய்ந்து 2015-இல் வெளியான உலகளாவிய மதிப்பீட்டின்படி அவற்றில் 31 சதவீதம் அழிவின் விளிம்பை நோக்கிச் செல்பவை. வாழிடத்திலிருந்து செடிகளைப் பிடுங்கி விற்பது அதற்கான காரணங்களுள் ஒன்று. டெக்சாசிலும் வடகிழக்கு மெக்சிகோவிலும் மட்டும் வாழும் ஆஸ்ட்ரோஃபைட்டம் ஆஸ்டீரியாஸ் போன்ற அரிய இனத்தை விதையிலிருந்து வளர்த்துக் கொடுக்க முடிந்தால், காட்டுச் செடியைப் பிடுங்கும் தேவை குறைகிறது.

விதைத்த கலங்களைக் காற்றுப் புகாமல் மூடிவைத்தால், உள்ளிருக்கும் ஈரமே மீண்டும் மீண்டும் சுழல்வதால் தண்ணீர் ஊற்றும் வேலையும், அதனுடன் நோயுயிர் நுழையும் வாய்ப்பும் இல்லாமற்போகின்றன. ஆயினும் மூடிய கலத்தில் ஒரு நோயுயிர் தப்பியிருந்தால் அனைத்தும் அழியும்; எனவே ஒரே பெரிய தட்டைவிடப் பல சிறு கலங்களில் பிரித்து விதைப்பதே அறிவுடைமை. முட்கள் தெளிவாகத் தோன்றிய பின் மூடியை ஒரே நாளில் அகற்றாமல் சிறிது சிறிதாகத் திறக்க வேண்டும். அதன்பின் கொதித்தாறிய நீரை அடித்தட்டில் ஊற்றி மண்ணை உறிஞ்சவிடுவதும், ஈரமண்ணை நாடி வரும் சிறு கருங்கொசுக்கள் அண்டாமல் வலையிடுவதும் தேவை. அவற்றின் புழுக்கள் வேரைக் கடித்துக் காயப்படுத்துவதோடு பித்தியத்தையும் சுமந்து திரிகின்றன.

முளைக்காத விதையின் மீதோ உதிர்ந்த விதையுறையின் மீதோ மட்டும் வெண்பூசணம் படர்ந்தால், பெரும்பாலும் அது செத்த பொருளை உண்பதே. அதை இடுக்கியால் எடுத்துவிட்டாலே போதும். நாற்றே பழுத்துச் சாய்ந்தால், அதைச் சுற்றிலும் உள்ள மண்ணோடு அகழ்ந்தெடுத்து, கலத்தைத் திறந்து காற்றோட்டம் தந்து, எஞ்சிய நாற்றுகளைப் புதிய தூய கலவைக்கு மாற்றுவது எந்த மருந்தையும்விட விரைவாகப் பலன் தரும்.