நாகமென்று அடிபடும் சாரை

வயல் வரப்பிலும் வைக்கோல் போரிலும் தென்படும் நீளமான பாம்பு பெரும்பாலும் சாரையாகவே இருக்கும். ஆனால், 'நாகம்' என்று ஒருவர் கூவிவிட்டால் போதும், கம்புகள் வந்துவிடுகின்றன. நஞ்சில்லாத பாம்பு என்று தெரிவதற்குள் அது செத்திருக்கும்.

இந்தக் குழப்பத்துக்குச் சாரையின் தற்காப்பு முறையும் ஒரு காரணம். ஆளைக் கண்டால் விரைந்தோடி மறைவதே அதன் இயல்பு. தப்ப வழியின்றி மூலையில் சிக்கினால்தான் எதிர்த்து நிற்கிறது. அப்போது தலையை உயர்த்திக் கழுத்தைப் புடைத்து, உறுமல் போன்ற ஒலி எழுப்பும். நெருங்கினால் கடிக்கவும் செய்யும். அஞ்சிப் பார்ப்பவருக்கு அந்தப் புடைப்பு படமாகவே தெரிகிறது.

உற்று நோக்கினால் வேறுபாடு புலப்படும். நாகம் விலா எலும்புகளை விரித்துக் கழுத்தைத் தட்டையாக அகலப்படுத்துகிறது. சாரையின் கழுத்தோ பக்கவாட்டில் ஒடுங்கி, மேலும் கீழுமாகப் புடைக்கிறது. அதன் கண்கள் பெரியவை. உதட்டுச் செதில்களின் ஓரங்களில் கரிய கோடுகள் இருக்கும். உடலின் பிற்பகுதியிலும் வாலிலும் கரும்பட்டைகள் காணப்படும். நிறத்தை மட்டும் நம்பக் கூடாது. மஞ்சள், பழுப்பு, ஏறத்தாழக் கருப்பு என அது மாறுபடும். இவை யாவும் தொலைவிலிருந்து பார்க்க வேண்டியவை. ஐயமிருந்தால் நாகம் என்றே கொண்டு விலக வேண்டும். கடிபட்டவர் எந்தப் பாம்பு என்று ஆராய்ந்துகொண்டிராமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

சாரையும் நாகமும் இணை சேரும் என்ற நம்பிக்கை இன்னும் மறையவில்லை. பின்னிப் பிணைந்து எழும் அக்காட்சி, பெரும்பாலும் இரண்டு ஆண் சாரைகளின் வலிமைப் போட்டியே. வாலால் அடித்தால் உடல் அழுகும் என்பதற்கும் அடிப்படை இல்லை.

பொருளியல் கற்பித்தவனுக்கு இதில் வேறொரு கணக்கும் தெரிகிறது. ஒரு காலத்தில் சாரைத் தோல் ஏற்றுமதிப் பண்டம். இருளர் பலர் அதற்காகப் பாம்பு பிடித்துப் பிழைத்தனர். 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தைத் தொடர்ந்து அத்தொழில் முடங்க, 1978-இல் உருவான கூட்டுறவுச் சங்கத்தின் வழியாக நஞ்செடுக்கும் தொழிலுக்கு மாறினர். சாரையிடம் எடுக்க நஞ்சில்லை. ஆகவே சந்தை விலையும் இல்லை. எலிகளைத் தின்று நெல்லைக் காக்கும் அதன் உழைப்பு எந்த வருமானக் கணக்கிலும் ஏறுவதில்லை. எலி மருந்தின் விற்பனை மட்டும் ஏறிவிடுகிறது!

சாரையைக் கொல்வது இன்று குற்றம். வீட்டுக்குள் வந்துவிட்டால் கதவைத் திறந்துவைத்து விலகி நின்றாலே, பெரும்பாலும் அது வெளியேறிவிடும். இல்லையேல் தீயணைப்புத் துறையினரையோ வனத் துறையினரையோ அழைக்கலாம்.