புதுவையின் பாட்டு வாத்தியார்

புதுச்சேரியில் ஒரு கல்யாண வீடு. விருந்து முடிந்தது. ஓர் இளைஞரைப் பாடச் சொன்னார்கள். அவர் பாரதியாரின் பாட்டு ஒன்றை எடுத்துப் பாடினார். கூட்டம் மெய்மறந்து கேட்டது.

கூட்டத்தில் ஒருவர் பாடியவரையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர்தான் பாரதியார்! பாடியவருக்கோ அது தெரியாது.

பாடிய இளைஞரின் பெயர் கனக சுப்புரத்தினம். பிற்காலத்தில் பாரதிதாசன் என்று பெயர் பெற்றவர். பாவேந்தர் என்றும், புரட்சிக் கவிஞர் என்றும் தமிழ்நாடு கொண்டாடிய அவர், பிழைப்புக்குச் செய்த தொழில் என்ன தெரியுமா? பள்ளிக்கூட வாத்தியார் வேலை! ஓர் ஆண்டு, ஈராண்டு அல்ல. 37 ஆண்டுகள்!

பிரெஞ்சு ஆட்சியில் தமிழ் வகுப்பு

பாரதிதாசன் 1891ஆம் ஆண்டு ஏப்ரல் 29ஆம் தேதி புதுவையில் பிறந்தார். கல்வே கல்லூரியில் தமிழ் படித்து, முதல் மாணவராகத் தேறினார். 1909இல், 18 வயதில், காரைக்காலை அடுத்த நிரவியில் ஆசிரியர் ஆனார்.

அப்போது புதுவையில் பிரெஞ்சுக்காரர் ஆட்சி. பிரெஞ்சு படித்தவனுக்குத்தான் பெரிய உத்தியோகம். “தமிழ் படித்து என்ன ஆகப்போகிறது?” என்று பெற்றோரே கேட்ட காலம். அந்தப் பிள்ளைகளை உட்கார வைத்துத் தமிழ்ப் பாட்டுச் சொல்லிக்கொடுக்க வேண்டும். லேசான காரியமா?

அவர் படித்ததோ பழைய முறைத் தமிழ். இலக்கணமும் நிகண்டும் கரைத்துக் குடித்தவர். பண்டிதர்களுக்கு விளங்கினால் போதும் என்று எழுதியிருக்கலாம். பாரதியாரின் பழக்கம் அவரை மாற்றியது. எளிய சொல்லில், காதில் விழுந்ததும் மனத்தில் நிற்கும்படி எழுதத் தொடங்கினார். நாள்தோறும் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துப் பாடம் சொன்னவர் அல்லவா? எந்த இடத்தில் கொட்டாவி வரும் என்பது அவருக்குத் தெரியாமலா இருக்கும்!

1930இல் ‘சிறுவர் சிறுமியர் தேசிய கீதம்’ என்ற நூலை வெளியிட்டார். 1935இல் பாட்டுக்கென்றே ஒரு பத்திரிகை தொடங்கினார். தன் குருவின் பெயரையே அதற்குச் சூட்டினார்: ‘ஸ்ரீ சுப்பிரமணிய பாரதி கவிதா மண்டலம்.’

பாட்டிலே ஒரு நாவல்

உயர்நிலைப் பள்ளி மாணவனுக்குக் கதை என்றால் இனிக்கும். செய்யுள் என்றால் கசக்கும். செய்யுளில் சொற்கள் சேர்ந்தே நிற்கின்றன. பிரித்துப் படிக்கத் தெரியாதவன் முதல் அடியிலேயே திணறிப்போகிறான். ஆசிரியர் உரையைச் சொல்கிறார். அவன் உரையை உருப்போடுகிறான். பாட்டு அவனிடம் வரவே இல்லை!

பாரதிதாசன் கதையையே பாட்டாக எழுதினார். ‘பாண்டியன் பரிசு’ 1943இல் வந்தது. அன்னம் என்ற அரசகுமாரி, வேலன் என்ற வீரன், நரிக்கண்ணன் என்ற வஞ்சகன். நடுவிலே ஒரு பேழை! அது யார் கையில் கிடைக்கும் என்ற ஆவலில் பக்கங்கள் ஓடும்.

‘குடும்ப விளக்கு’ நம் வீட்டுக் கதை. தங்கம் என்ற இல்லத்தரசி விடியுமுன் எழுகிறாள். கோலம் போடுகிறாள், சமைக்கிறாள், பிள்ளைகளைக் கவனிக்கிறாள். இரவில் கணவனிடம் அவள் பேசுவது சாப்பாட்டைப் பற்றி அல்ல. நாள் முழுவதும் வீட்டு வேலையிலேயே போய்விட்டதே, தமிழுக்கு நாம் எப்போது தொண்டு செய்வது என்று கவலைப்படுகிறாள்! ‘இருண்ட வீடு’ இதற்கு நேர் மாறு. படிப்பில்லாத குடும்பம் படும் அவதியைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்லி, கடைசியில் நெஞ்சை நடுங்க வைக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு வகுப்பில் வாய்விட்டுப் படித்தால் போதும். உரை தேவைப்படாது. பள்ளிப் பிள்ளை படிக்க, அடுப்படியில் அம்மா கேட்கலாம்.

ரொட்டி திருடியவன்

பாட்டு இப்படி என்றால், நாவல்?

அதற்கும் புதுவையிலேயே ஆள் இருந்தார். அரவிந்தர் ஆசிரமத்தில் பல ஆண்டுகள் வாழ்ந்த சுத்தானந்த பாரதியார், விக்டர் ஹியூகோ என்ற பிரெஞ்சு ஆசிரியரின் பெரிய நாவலை ‘ஏழை படும் பாடு’ என்று தமிழில் தந்தார். மூலநூல் 1862இல் வெளிவந்தது. பசித்த குழந்தைகளுக்காக ஒருவன் ரொட்டி திருடுகிறான். தண்டனை 5 ஆண்டு. தப்பி ஓட முயன்றதால் அது 19 ஆண்டாக நீள்கிறது!

கெட்டிக்கார ஆசிரியர் புத்தகத்தை உடனே திறக்கமாட்டார். இந்த ரொட்டிக் கதையை மட்டும் சொல்லி, “குற்றவாளி யார்?” என்று கேட்பார். வகுப்பு இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போடும். அதன் பிறகு புத்தகத்தைத் திறந்தால் ஒருவனும் தூங்கமாட்டான்.

1950இல் இந்தக் கதை நாகையா நடித்துப் படமாக வந்தது. அதில் ஜாவர் என்ற போலீஸ் அதிகாரியாக நடித்தவருக்கு அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. அவர்தான் ஜாவர் சீதாராமன்!

வாத்தியார் பாட்டு

பாரதிதாசன் 1946இல் ஓய்வு பெற்றார். 1955இல் புதுவைச் சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1964 ஏப்ரல் 21ஆம் தேதி மறைந்தார். ‘பிசிராந்தையார்’ நாடகத்துக்குச் சாகித்ய அகாடமி பரிசு கிடைத்தது 1969இல். வாங்கிக்கொள்ள அவர் இல்லை. பெருமாள் கோவில் தெருவில் அவர் வாழ்ந்த வீடு இப்போது நினைவு இல்லம்.

அவருடைய பாட்டுகள் பாடப் புத்தகங்களில் ஏறிவிட்டன. அவற்றுக்கும் நோட்ஸ் வாங்கிப் படிக்கிறார்கள் என்பது வேடிக்கைதான்! ஆனால் ஒரு பாட்டுக்கு மட்டும் புதுவைப் பிள்ளைகள் நோட்ஸ் தேடுவதில்லை. தமிழ்நாட்டில் தமிழ்த்தாய் வாழ்த்தாகப் பாடுவது மனோன்மணீயம் சுந்தரனார் பாட்டு. புதுவையில் பாடுவது பாரதிதாசன் பாட்டு. விழா தொடங்கும்போது எல்லோரும் எழுந்து நிற்கிறார்கள். வாத்தியார் எழுதிய வரிகளைப் பிள்ளைகள் புத்தகத்தைப் பார்க்காமலே பாடுகிறார்கள்.