ஜூஜூவாடி தாண்டினாலும் உரிமை உண்டு

2023 அக்டோபர் 7, சனிக்கிழமை. ஓசூரின் ஜூஜூவாடி சோதனைச் சாவடியைக் கடந்ததும் வருகிற கர்நாடக ஊர் அத்திப்பள்ளி. அங்கே ஒரு பட்டாசுக் கடையில் தீபாவளிச் சரக்கை லாரியிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தபோது தீப்பற்றியது. கடையும் கிடங்கும் ஒரே இடத்தில். அன்று மட்டும் 14 உயிர்கள் போயின. இறந்தவர்களில் பெரும்பாலோர் தமிழ்நாட்டு இளைஞர்கள். தருமபுரி மாவட்டத்தின் அம்மாபேட்டை என்ற ஒரே கிராமத்திலிருந்து ஏழு பேர். கல்லூரிக் கட்டணத்துக்கு ஆகட்டும் என்று பண்டிகைக் கால வேலைக்குப் போன மாணவர்களும் அவர்களில் இருந்தார்கள்.

அதற்குப் பத்து வாரம் முன்பு, ஜூலை 29 அன்று, கிருஷ்ணகிரி பழையபேட்டையில் ஒரு பட்டாசுக் கடை வெடித்து ஒன்பது பேர் பலியாகியிருந்தார்கள்.

விபத்து யாருக்கும் வரலாம் என்பார்கள். ஆனால் வெடிமருந்துப் பெட்டியைத் தலையில் சுமக்கும் வேலைக்கு யார் போகிறார்கள் என்று பார்த்தால், அது எல்லோருக்கும் ஒரே அளவில் வருவதில்லை என்பது தெரியும்.

ஆயுள் கணக்கும் அப்படித்தான். தமிழ்நாட்டில் பிறக்கும் குழந்தையின் சராசரி ஆயுள் 72.6 ஆண்டுகள் என்றது 2015-19 காலத்துக்கான மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பு. அப்போது நாட்டின் சராசரி 69.7. இந்த எண்ணைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். எழுபது வயதுக்காரர் எழுபத்தைந்தில் போனால் கணக்கில் அதிகம் மாறாது. பிறந்த குழந்தையும், பிரசவத்தில் தாயும், இருபது வயதுப் பையனும் சாகும்போதுதான் சராசரி சரிகிறது. இருபது வயதில் போகிற ஒருவரோடு ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் போய்விடுகின்றன.

உலக சுகாதார நிறுவனத்துக்காக மைக்கேல் மார்மட் தலைமையிலான குழு 2008இல் தந்த அறிக்கை ஓர் உதாரணம் காட்டியது. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் கால்டன் என்ற ஏழைப் பகுதி ஆண்களின் சராசரி ஆயுள் 54. சில மைல் தள்ளியிருக்கும் வசதியான லென்சியில் 82. இடைவெளி 28 ஆண்டுகள். இந்தியாவில் ஒன்பது மாநிலங்களின் தரவுகளை வைத்து 2022இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, உயர்சாதி இந்துக்களைவிடப் பழங்குடியினர் நான்கு ஆண்டுகளுக்கு மேலும், தலித் மக்கள் மூன்று ஆண்டுகளுக்கு மேலும் குறைவாக வாழ்கிறார்கள் என்று கணக்கிட்டது. அந்த ஒன்பதில் தமிழ்நாடு இல்லை. ஆனாலும் மாவட்ட சராசரி ஒன்றைப் பார்த்து நிம்மதி அடைவதற்கு முன் அதை நினைத்துக்கொள்ள வேண்டும்.

ஒரே மாவட்டம், பல ஆயுள்

எழுபதுகளில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தபின், இன்று கிருஷ்ணகிரி மாவட்டத்திலுள்ள ஓசூரின் முகம் மாறியது. அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் என்று பெரிய ஆலைகள் வந்தன. ஆலை வாசலுக்குள் நிரந்தரத் தொழிலாளியும் கான்ட்ராக்ட் தொழிலாளியும் பக்கத்துப் பக்கத்து இயந்திரத்தில் நிற்கலாம். ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் விடுப்பு உண்டு. மற்றவருக்கு அன்றைய கூலி போய்விடும். கூலி போகுமே என்று மருத்துவரிடம் போவதைத் தள்ளிப்போடும்போது, மாத்திரையில் அடங்கியிருக்க வேண்டிய ரத்த அழுத்தம் பக்கவாதமாக வந்து நிற்கிறது.

கிரானைட் குவாரிகளிலும் கல் அரவை நிலையங்களிலும் வேறு கதை. கல்தூசியிலுள்ள சிலிக்கா நுரையீரலில் தங்கி வடுவாகிறது. சிலிக்கோசிஸ் எனப்படும் இந்த நோய்க்குக் குணமாக்கும் மருந்து இல்லை. அறிகுறிகள் காசநோய் போலவே இருப்பதால் பலர் அதற்கே மருந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். குவாரியில் வேலை பார்த்த விவரத்தை மருத்துவரிடம் சொல்லிச் சீட்டில் எழுதவைக்க வேண்டும். சிலிக்கோசிஸ் சட்டப்படி தொழில்நோய். அதற்கு இழப்பீடு உண்டு.

தண்ணீரும் ஒரு காரணம். கிருஷ்ணகிரி, தருமபுரி நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். அது பல்லைக் கறையாக்கும், எலும்பை இறுக்கும்; உழைப்பையே நம்பியவரின் இடுப்பை வளைக்கும். இதற்காகவே ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொண்டுவரப்பட்டு 2013இல் செயல்பாட்டுக்கு வந்தது. குழாயில் காவிரி நீர் வராத நாளில் மக்கள் திரும்பப் போவது பழைய ஆழ்துளைக் கிணற்றுக்குத்தான். இன்னொரு பக்கம், பெங்களூருவின் கழிவைச் சுமந்து எல்லை கடக்கும் தென்பெண்ணை, கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்க வந்து விழுகிறது.

அஞ்செட்டி, தளி, பெட்டமுகிலாளம் பக்கத்து மலைக் கிராமங்களில் தூரமே நோய். சாலை இல்லாத இடத்தில் கர்ப்பிணியைத் தூளி கட்டித் தூக்கிவர வேண்டியிருக்கிறது. பதினெட்டு நிறையாத பெண்ணுக்குக் கல்யாணம் முடித்துவிட்டால் ஆபத்து இரட்டிப்பாகும்: தாயும் சேய் போன்றவள், பிறக்கும் சேயும் எடை குறைந்தது. குழந்தைத் திருமணம் நடக்கப்போகிறது என்று தெரிந்தால் குழந்தைகள் உதவி எண் 1098க்குச் சொல்லலாம்.

எல்லையில் நின்றுவிடாத உரிமைகள்

விபத்தும் விஷமும் எல்லையைச் சுலபமாகக் கடக்கின்றன. உரிமை மட்டும் சோதனைச் சாவடியோடு முடிந்துவிடும் என்ற எண்ணம் இந்தப் பகுதியில் பரவலாக இருக்கிறது. அது தவறு.

முதலில் இ.எஸ்.ஐ. எனப்படும் தொழிலாளர் அரசுக் காப்பீடு. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருப்பவர்களுக்கு, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலைகளில் இது கட்டாயம். தொழிலாளி 0.75 சதவீதம், முதலாளி 3.25 சதவீதம் கட்ட வேண்டும். கான்ட்ராக்டர் கட்டவில்லை என்றால் பொறுப்பு ஆலை நிர்வாகத்தைச் சேரும். குடும்பத்துக்கே மருத்துவம் உண்டு. நோயில் படுத்தால் ஆண்டுக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம், வேலையில் அடிபட்டுப் படுத்தால் 90 சதவீதம் கிடைக்கும். வேலையில் இறந்தால் சார்ந்திருப்போருக்கு மாதாமாதம் பணம். வீட்டிலிருந்து ஆலைக்குப் போகும் வழியில் நடந்த விபத்தும் பணி விபத்தாகவே கருதப்படும். இ.எஸ்.ஐ. எண் இந்தியா முழுவதற்கும் ஒன்றே. கர்நாடகத்தின் பொம்மசந்திராவில் வாங்கிய எண் ஓசூரிலும் செல்லும்.

இ.எஸ்.ஐ. இல்லாதவர்களுக்குப் பணி விபத்து நேர்ந்தால் முதலாளியே இழப்பீடு தர வேண்டும். ஒரு நாள் கூலிக்கு வந்தவருக்கும் இது பொருந்தும். இறப்பு என்றால் மாதக் கூலியில் பாதியை வயதுக்குரிய காரணியால் பெருக்குவார்கள். வயது குறைவென்றால் காரணி கூடும். விபத்து கர்நாடகத்தில் நடந்திருந்தாலும், குடும்பம் வசிக்கும் ஊருக்குரிய அதிகாரியிடமே மனுப் போடலாம். அத்திப்பள்ளித் தீக்குப் பின் இரு மாநில அரசுகளும் நிவாரணம் அறிவித்தன. நிவாரணம் அரசு மனமிரங்கித் தருவது. இழப்பீடு சட்டப்படி கேட்டுப் பெறுவது. முதலாவதை வாங்கியவர் இரண்டாவதை விட்டுவிட வேண்டியதில்லை.

சாலை விபத்து பற்றியும் தெரிந்திருக்க வேண்டும். பெங்களூரு-கிருஷ்ணகிரி நெடுஞ்சாலையில் ஷிப்டு முடிந்து வருகிறவர்களை வண்டி மோதுவது அடிக்கடி கேள்விப்படுவது. தமிழ்நாட்டு எல்லைக்குள் அடிபட்டவர் எந்த மாநிலத்தவராக இருந்தாலும், ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை கட்டணமின்றி நடக்கும். மோதிய வண்டி அடையாளம் தெரியாமல் ஓடிவிட்டாலும் இறப்புக்கு 2 லட்சம், பெருங்காயத்துக்கு 50,000 ரூபாய் உண்டு. மனுவை வருவாய்த் துறை அலுவலகத்தில் தர வேண்டும். வண்டி தெரிந்திருந்தால் வசிக்கும் ஊர்த் தீர்ப்பாயத்திலேயே வழக்குப் போடலாம். ஆறு மாதத்துக்குள் போடுவது பாதுகாப்பு.

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. வழக்குச் செலவுக்குப் பயந்தால் 15100 என்ற இலவசச் சட்ட உதவி எண்ணை அழைக்கலாம்.

மருத்துவமனைக்குப் போக நேரமில்லாதவர் வீட்டு வாசலுக்கே மருந்து வர வேண்டும் என்ற யோசனை தொடங்கியதும் கிருஷ்ணகிரி மாவட்டத்தில்தான். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 ஆகஸ்ட் 5 அன்று சூளகிரி ஒன்றியத்தின் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்டது. ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரையை வீட்டிலேயே தருகிறார்கள். உங்கள் தெருவுக்கு வரும் ஊழியரிடம் பெயரைப் பதியச் சொல்லுங்கள்.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி, எல்லாத் தொழிலாளருக்கும் நியமனக் கடிதம் தர வேண்டும். நாற்பது வயதைக் கடந்தவர்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை இலவச உடல் பரிசோதனையும் உண்டு. கேட்காதவருக்கு இவை தானாக வரும் என்று காத்திருக்க வேண்டாம்.

இந்த மாதச் சம்பளம் கைக்கு வரும்போது சீட்டைப் பாருங்கள். இ.எஸ்.ஐ. என்று பணம் பிடித்திருக்கிறார்களா, பிடித்திருந்தால் உங்கள் பெயரில் எண் இருக்கிறதா என்று கேளுங்கள். எண்ணைச் செல்பேசியில் மட்டும் வைத்துக்கொள்ளாமல், வீட்டில் இருப்பவர்களுக்கும் எழுதிக் கொடுங்கள். எண் இல்லை என்றால் இ.எஸ்.ஐ. கழகத்தின் கட்டணமில்லாத் தொலைபேசி எண் 1800-11-2526ஐ அழையுங்கள்.