ரெண்டு வேளைக்கு ஒரு செட்டு

சாயங்காலம் வேலை விடும் நேரத்தில் எந்த மெடிக்கல் வாசலிலும் இந்தக் குரலைக் கேட்கலாம்: “அண்ணே, சளி, காய்ச்சல், உடம்பு வலி. ரெண்டு வேளைக்குக் குடுங்க.” சர்க்கரை இருக்கிறதா, வேறு மாத்திரை சாப்பிடுகிறாரா என்றெல்லாம் கடைக்காரர் கேட்பதில்லை. நாலைந்து அட்டைகளை எடுத்து, கத்தரிக்கோலால் நறுக்கி, காகித உறையில் போட்டு நீட்டுகிறார். வெள்ளையில் ஒன்று, மஞ்சளில் ஒன்று, இரட்டை நிறத்தில் ஒரு கேப்சூல். மருந்தின் பெயரும் காலாவதித் தேதியும் பெரும்பாலும் மிச்ச அட்டையோடு கடையிலேயே தங்கிவிடுகின்றன.

காய்ச்சலுக்குப் பாராசிட்டமால், மூக்கொழுகலுக்கு செட்ரிசின். இவற்றோடு நின்றால்கூடப் பரவாயில்லை. அந்தக் கேப்சூல் பல நேரங்களில் ஆன்டிபயாட்டிக். சாதாரண சளிக்குக் காரணம் வைரஸ். அதை ஆன்டிபயாட்டிக் ஒன்றும் செய்யாது. நாலைந்து நாளில் தானாகவே இறங்கியிருக்கும் காய்ச்சலுக்கு மாத்திரை பெயர் வாங்கிக்கொள்கிறது. அடுத்த முறையும் அதே செட்டைக் கேட்கிறோம். இடையில் நம் உடம்பில் இருக்கும் பாக்டீரியாக்கள் அந்த மருந்தைத் தாங்கப் பழகுகின்றன. பென்சிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃபிளெமிங், யார் வேண்டுமானாலும் கடையில் வாங்கி அரைகுறையாகச் சாப்பிடும் காலம் வரும் என்று 1945 நோபல் உரையிலேயே எச்சரித்தார். நாளை நிமோனியாவோ பிரசவத்துக்குப் பின் கிருமித்தொற்றோ வந்தால், அன்றைக்கு அந்த மருந்து கைகொடுக்காமல் போகலாம்.

வலி மாத்திரையும் லேசுப்பட்டதல்ல. வந்திருப்பது டெங்குவாக இருந்தால் டைக்ளோஃபினாக், இபுபுரூஃபன் இரத்தக் கசிவு அபாயத்தைக் கூட்டும்.

கூலி வேலைக்குப் போகிறவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பெரியாஸ்பத்திரி வரிசையில் நின்றால் ஒருநாள் சம்பளம் போகும். வேலை முடிந்து வருகிறவருக்கு டாக்டர் கிடைக்கும்படி, எல்லா ஆரம்ப சுகாதார நிலையத்திலும் மாலை ஓ.பி. நடக்க வேண்டும். டாக்டர் சீட்டில்லாமல் விற்பதைத் தடுக்கச் சட்டமும் இல்லாமலில்லை. செஃபிக்சிம் போன்ற ஆன்டிபயாட்டிக் மருந்துகளை விற்றால் டாக்டர் பெயரையும் நோயாளி பெயரையும் தனிப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்ற ஹெச்1 விதி 2014 முதல் நடப்பில் இருக்கிறது. அந்தப் பதிவேட்டை அதிகாரிகள் புரட்டிப் பார்த்தாலே பாதி விற்பனை நிற்கும்.

பெயர் தெரியாத மாத்திரையை வாங்காதீர்கள். அட்டையைக் காட்டச் சொல்லுங்கள். அதில் செங்குத்தாகச் சிவப்புக் கோடு இருந்தால், டாக்டர் சீட்டு இல்லாமல் அது வேண்டாம். மூன்று நாளில் காய்ச்சல் இறங்காவிட்டாலோ, மூச்சு வாங்கினாலோ மெடிக்கலுக்குப் போகாதீர்கள், டாக்டரிடம் போங்கள்.