வகுப்பறை மீன் தொட்டியும் கௌராமி மீன்களும்

சில ஆண்டுகளுக்கு முன் என் ஆறாம் வகுப்பில் ஒரு மீன் தொட்டி வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை தொட்டி வாங்கி, திங்கட்கிழமை நீர் நிரப்பி, அன்று மாலையே நான்கு கௌராமி மீன்களை விட்டேன். "இது காற்றை நேரடியாகவே சுவாசிக்கும் மீன், சாகவே சாகாது" என்று கடைக்காரர் சொன்னதை நம்பினேன். பத்தே நாளில் நான்கும் இறந்துவிட்டன.

மீன்களைச் செடியடியில் புதைத்துவிட்டு வந்த மாணவி ஒருத்தி கேட்டாள்: "டீச்சர், அது மேல வந்து காத்தை இழுத்துக்குது, தண்ணியும் தினம் மாத்தினோம். அப்புறம் எப்படிச் செத்துச்சு?"

அன்று என்னிடம் பதில் இல்லை. அந்தப் பதிலைத் தேடிக் கற்றதையே இங்கு பகிர்கிறேன். தொட்டி வைக்க நினைக்கும் ஆசிரியர்கள் என் தவறைத் திரும்பச் செய்ய வேண்டியதில்லை.

காற்றைச் சுவாசித்தும் ஏன் இறந்தன?

கௌராமியின் தலையில், செவுள்களுக்கு மேலே, லேபிரிந்த் என்ற மடிப்பு மடிப்பான உறுப்பு உள்ளது. நீர்ப்பரப்புக்கு வந்து விழுங்கும் காற்றிலிருந்து ஆக்சிஜனை இதன் வழியே பெறுகிறது. நம் ஊர்க் குளங்களில் வாழும் பனையேறிக் கெண்டைக்கும் இதே வகை உறுப்பு உண்டு. அதனால்தான் அது நீரைவிட்டு வெளியே வந்தும் சில மணி நேரம் உயிரோடு இருக்கிறது.

ஆக்சிஜன் குறைந்த நீரில் வாழ இந்த உறுப்பு உதவும். நஞ்சுள்ள நீரில் உதவாது. மீனின் கழிவும் மிச்ச உணவும் நீரில் அம்மோனியாவாகின்றன. அது செவுள்களைப் புண்ணாக்கும். ஒரு வகை பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகிறது. நைட்ரைட்டும் நஞ்சுதான், இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை அது குறைத்துவிடும். எவ்வளவு காற்றை விழுங்கினாலும் பயனில்லை. மற்றொரு வகை பாக்டீரியா அதைத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாக மாற்றுகிறது. உயர்நிலை வகுப்புகளில் நாம் கரும்பலகையில் வரையும் நைட்ரஜன் சுழற்சியின் ஒரு பகுதிதான் இது.

புதுத் தொட்டியில் இந்தப் பாக்டீரியாக்கள் போதிய அளவில் இருக்காது. நாங்கள் தினமும் முழு நீரையும் மாற்றியபோது, குழாய் நீரில் இருந்த குளோரின், அப்போதுதான் வளரத் தொடங்கியவற்றையும் அழித்தது. மீன் மீதிருந்த அன்பால் செய்ததே மீனுக்கு எமனாகிவிட்டது.

மீனுக்கு முன் தொட்டி

இரண்டு அடி நீளம், ஓர் அடி அகலம், ஓர் அடி உயரம் கொண்ட தொட்டி போதும். மணலும் நீரும் சேர்ந்து ஏறத்தாழ 60 கிலோ எடை வரும் என்பதால் ஆடாத மேசை வேண்டும். நேரடி வெயில் படக்கூடாது. நீர்மட்டத்துக்கு மேல் இரண்டு அங்குல இடைவெளி விட்டு மூடி போடுங்கள். கௌராமிக்கு மூச்சுவிட அந்தக் காற்று தேவை; மூடி இல்லாவிட்டால் சில மீன்கள் துள்ளி வெளியே விழும்.

மேல்நிலைத் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் கலந்த நீரானால், அகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் திறந்து வைத்தபின் ஊற்றுங்கள். கடைகளில் கிடைக்கும் குளோரின் நீக்கி மருந்தையும் பயன்படுத்தலாம். ஸ்பாஞ்ச் ஃபில்டரை ஓடவிட்டு, மீன் இல்லாத தொட்டியில் தினமும் ஒரு சிட்டிகை மீன் உணவு இடுங்கள். பாக்டீரியா வளர நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். நோயில்லாத பழைய தொட்டியில் ஓடிய ஸ்பாஞ்ச் கிடைத்தால் காலம் குறையும். சொட்டு மருந்துச் சோதனையில் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம் காட்டி, நைட்ரேட் மட்டும் தெரியும்போது தொட்டி தயார்.

இங்கே நம் பள்ளிகளுக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. மாலையில் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போவது நம் வழக்கம். நீரோட்டம் நின்றால் ஃபில்டரில் உள்ள பாக்டீரியா ஆக்சிஜன் இன்றி மடியத் தொடங்கும். தலைமையாசிரியரிடம் பேசி அந்த ஒரு இணைப்பை மட்டும் இரவும் பகலும் ஓடவிட வழி செய்யுங்கள். அது முடியாது என்றால் தொட்டி வைப்பதைத் தள்ளிப்போடுவதே நல்லது.

எந்தக் கௌராமி?

தேன் கௌராமி சுமார் 5 செ.மீ. வளரும். சாதுவானது. இந்தியாவின் வடகிழக்குப் பகுதியும் வங்கதேசமும் இதன் தாயகம். முதல் தொட்டிக்கு என் பரிந்துரை இதுவே. மூன்று மீன்கள் போதும்.

குள்ளக் கௌராமி 7 அல்லது 8 செ.மீ. வளரும். இதுவும் நம் துணைக்கண்டத்து மீன்தான். ஆண் மீனின் நீல, சிவப்புப் பட்டைகள் கண்ணைப் பறிக்கும். ஆனால் இரண்டு ஆண்களைச் சேர்த்து விட்டால் சண்டை ஓயாது. மருந்தில்லாத ஒரு வைரஸ் நோயும் இந்த இனத்தைத் தாக்குகிறது. எனவே உடலில் புண், வீங்கிய வயிறு, ஒடுங்கிய துடுப்பு உள்ளதை வாங்காதீர்கள். கடையிலேயே உணவு போடச் சொல்லி, தின்கிறதா என்று பாருங்கள்.

முத்துக் கௌராமியும் நீலக் கௌராமியும் 12 முதல் 15 செ.மீ. வரை வளர்வதால் மூன்றடித் தொட்டியாவது வேண்டும். முத்தமிடும் கௌராமி 30 செ.மீ. வரையும், ராட்சதக் கௌராமி அதைவிடப் பெரிதாகவும் வளரும். கடையில் விரல் நீளத்தில் இருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

துணைக்கு ரஸ்போரா போன்ற சிறிய, சாதுவான மீன்கள் ஆறு விடலாம். துடுப்பைக் கடிக்கும் டைகர் பார்ப், சண்டை மீன் இரண்டும் கூடாது.

தொட்டியில் விடும் முறை

முதலில் துணை மீன்களை விடுங்கள். இரண்டு வாரம் கழித்து நீரைச் சோதித்து, பிறகு கௌராமியை விடுங்கள். முதலிலேயே வந்த கௌராமி தொட்டி முழுவதும் தன் எல்லை என்று எண்ணி, பின்னால் வருபவற்றை விரட்டும். வாரத்தின் முதல் நாளில் வாங்கி வந்தால் ஐந்து நாள் கவனிக்க முடியும்.

விளக்கை அணைத்துவிட்டு, கட்டிய பையை அப்படியே நீரில் 15 முதல் 20 நிமிடம் மிதக்க விடுங்கள். பிறகு பையைத் திறந்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அரை டம்ளர் தொட்டி நீரை அதில் ஊற்றுங்கள். அரை மணி நேரம் கழித்து மீனை மட்டும் வலையால் எடுத்து விடுங்கள். பை நீரைத் தொட்டியில் ஊற்றக் கூடாது. அன்று உணவும் வேண்டாம். முதல் சில நாள் மீன் ஒளிந்துகொள்வது இயல்பே. செடிகள் இருந்தால் பயம் குறையும். தொட்டியைத் தட்டக் கூடாது என்பதை முன்பே மாணவர்களிடம் சொல்லிவிடுங்கள்.

மாணவர் கையில்

நாற்பது பேரும் ஆளுக்கொரு சிட்டிகை போட்டால் நீர் அன்றே கெடும். நாளுக்கு இருவர் என முறை வையுங்கள். இரண்டு நிமிடத்தில் தின்னும் அளவே உணவு. சனி, ஞாயிறு உணவில்லாமல் இருப்பதால் வளர்ந்த மீனுக்குக் கேடில்லை. வாரம் ஒருமுறை கால் பங்கு நீரை மட்டும் மாற்றி, ஸ்பாஞ்சை வெளியே எடுத்த அந்த நீரிலேயே அலசுங்கள், குழாயடியில் கழுவாதீர்கள்.

ஐந்து நிமிடத்தில் கௌராமி எத்தனை முறை மேலே வருகிறது, ரஸ்போரா எத்தனை முறை வருகிறது என்று மாணவர்கள் குறிக்கட்டும். நூல் போன்ற வயிற்றுத் துடுப்புகளால் அது எதையெல்லாம் தொட்டுப் பார்க்கிறது என்று கவனிக்கட்டும். ஆண் மீன் நீர்ப்பரப்பில் நுரைக்கூடு கட்டினால், அது உங்கள் வகுப்புக்குக் கிடைத்த பரிசு.

கோடை விடுமுறைக்கு முன்பே மீன்கள் யார் பொறுப்பில் என்று முடிவு செய்துவிடுங்கள். வளர்க்க முடியவில்லை என்று ஊர்க் குளத்தில் விடக் கூடாது. வெளியூர் மீன் அங்குள்ள மீன்களின் உணவையும் இடத்தையும் பறிக்கும். கடைக்கோ வேறு பள்ளிக்கோ கொடுத்துவிடலாம்.

இரண்டாம் முறை தொட்டி வைத்தபோது, ஐந்து வாரம் வெறும் நீரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். "மீன் எப்ப டீச்சர் வரும்?" என்று தினமும் கேட்டார்கள். நீர்ச் சோதனையை அவர்களையே செய்யவிட்டேன். நைட்ரைட் நிறம் மறைந்த அன்று, "இப்ப வரலாம்" என்று முடிவு சொன்னவர்கள் அவர்களே. ஓர் உயிரைக் கொண்டுவருவதற்கு முன் அதற்கான இடத்தைத் தயார் செய்ய வேண்டும் என்பதை நான் தனியாகச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.